பெட்டி பீரோவில் தூங்காமலிருக்க: பள்ளி அறிவியல் ஆசிரியருக்குக் கல்லூரி மாணவர்கள் துணை நிற்பது எப்படி?

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முதன்முதலில் என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனபோது ஒரே நாளில் இருபத்திரண்டு சோதனைகளைச் செய்து காட்டினோம். பலூன் ராக்கெட், எலுமிச்சம்பழ பேட்டரி, சுழலும் காந்தம். பிள்ளைகள் கைதட்டித் தீர்த்தார்கள். மாலையில் பொருள்களையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினோம். ஏழு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். பெட்டி பீரோவின் மேல் இருந்தது. நாங்கள் ஒட்டிய டேப் கிழியவில்லை.

"எந்தப் பாடத்துக்கு எதை எடுக்கணும்னு தெரியல சார். உடைஞ்சிட்டா யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல" என்றார் அந்த ஆசிரியர். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. நாங்கள் பிள்ளைகளுக்கு ஒரு திருவிழா நடத்திவிட்டு வந்திருந்தோம்; வருடம் முழுக்க அதே வகுப்பில் நிற்கப்போகிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவர்கள், அறிவியல், பொறியியல் துறை மன்றங்கள், அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியையும் அரசு உதவி பெறும் பள்ளியையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: யாருக்குத் துணையாகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆசிரியருக்கு. இதில் குழப்பம் வந்தால் மற்ற எல்லாப் படிகளும் சறுக்கும்.

நீங்கள் பாடம் நடத்தினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உண்மைதான். வயதில் நெருக்கமான அண்ணனும் அக்காவும் வந்து நின்றால் எந்த வகுப்புக்குத்தான் பிடிக்காது? ஆனால் நீங்கள் வருவது வருடத்தில் பத்து நாள். ஆசிரியர் இருப்பது இருநூறு நாளுக்கு மேல். அவர் கையில் ஒரு சோதனை பழகிவிட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு ஒவ்வொரு ஆறாம் வகுப்புக்கும் அது போய்ச் சேரும்.

இதை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் முன்னெடுத்தன. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். 1978-இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2002 வரை நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் வகுப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர்களோடு பயிற்சி முகாம் நடத்தினார்கள், மாதந்தோறும் கூடிப் பேசினார்கள், ஆசிரியர் சொன்ன குறைகளை வைத்துப் பாடநூலைத் திருத்தினார்கள். அது முப்பது வருடம் நின்றதற்கு இந்த வரிசையே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிரிட்டனில் 2002-இல் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் முன்னின்று தொடங்கிய இளங்கலை மாணவர் தூதர் திட்டமும் இதே வழியில் போனது. கணிதமும் அறிவியலும் படிக்கும் மாணவர்கள் பள்ளி ஆசிரியருக்குத் துணையாக வகுப்பறையில் வேலை செய்வார்கள். அந்த வேலைக்கே பட்டப்படிப்பில் மதிப்பெண் உண்டு. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் இப்படி ஒரு விருப்பப் பாடம் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் இருக்கும் வேலையைத் தேர்வுக் காலத்திலும் யாரும் பாதியில் விடுவதில்லை.

படி 2: சிறு குழு, முறையான அனுமதி

ஒரு பள்ளிக்கு நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் வந்தால் அவர் புகைப்படம் எடுக்கத் தொடங்கிவிடுவார். நால்வரில் இருவராவது இரண்டாமாண்டு மாணவர்களாக இருக்கட்டும். அடுத்த வருடம் அவர்கள்தான் வழிகாட்ட வேண்டும். ஒருவருக்காவது சாலிடரிங் வரவேண்டும். ஒருவராவது தமிழ் வழியில் படித்தவராக இருக்க வேண்டும். ஏன் என்று படி 7-இல் சொல்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அந்த நேரத்தை இதற்குக் கணக்குக் காட்டத் திட்ட அலுவலரிடம் முன்னதாகவே பேசி வையுங்கள்.

கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டுமா என்று அவரே சொல்வார். வேண்டுமென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். யார் யார் வருகிறார்கள், எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எத்தனை வாரம், மேற்பார்வை யார் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். நடுநிலைப் பள்ளியாக இருந்தால் வானவில் மன்றக் கருத்தாளர் எப்போது வருகிறார் என்றும் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஏற்கெனவே சோதனைகள் செய்கிறார்கள். அவரோடு பேசி வைத்துக்கொண்டால் ஒரே சோதனையை இருவரும் செய்ய வேண்டியிருக்காது.

நாள்காட்டியில் கவனம் வேண்டும். பள்ளி ஜூனில் திறக்கும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. உங்கள் பருவத் தேர்வு நவம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி, பிப்ரவரி. அதற்குள் முடிகிற அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். "வாராவாரம் வருவோம்" என்று சொல்லிவிட்டு நவம்பரில் காணாமல் போன குழுவை ஆசிரியர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

படி 3: மூன்று வாரம் கடைசி பெஞ்சு

இந்தப் படியைத் தாண்டிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டாதீர்கள்.

வாரம் ஒருநாள் போய் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருங்கள். அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள்; கையில் நோட்டை வைத்துக்கொண்டு ஆசிரியரை மதிப்பிடுகிற மாதிரி எழுதாதீர்கள். சோதிக்க வந்த அதிகாரிகளை அவர் போதுமான அளவு பார்த்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம்.

எதைக் கவனிப்பது? ஒரு பாடவேளையில் உண்மையாகக் கிடைக்கும் நிமிடங்கள் எத்தனை? மணி அடித்து, வருகை எடுத்து, பிள்ளைகள் அமரும்போது எட்டு நிமிடம் போயிருக்கும். பெஞ்சு இருக்கிறதா, தரையா? மின்விசிறிக்குக் கீழே மெழுகுவத்தி எரியுமா? பிளக் பாயிண்ட் எங்கே? தண்ணீர் எவ்வளவு தூரத்தில்? நாற்பது பிள்ளைகளில் எந்த நால்வர் மட்டும் பதில் சொல்கிறார்கள்? எந்த இடத்தில் ஆசிரியர் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகிறார்?

அந்தக் கடைசிக் கேள்விக்கான விடைதான் உங்கள் வேலை தொடங்கும் இடம். நடுநிலைப் பள்ளியில் ஒரே பட்டதாரி ஆசிரியர் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் நடத்துகிறார். விலங்கியல் படித்தவர் மின்னியலை நடத்த வேண்டும். வேதியியல் படித்தவர் பூக்களின் மகரந்தச் சேர்க்கையை நடத்த வேண்டும். தன் பாடமாக இல்லாத இடத்தில் நூலை வாசித்துக் கடப்பது இயல்பு. என்னைத் தாவரவியல் நடத்தச் சொன்னால் நானும் அப்படித்தான் செய்வேன்.

மூன்றாவது வாரம், ஓய்வுப் பாடவேளையில், ஆசிரியரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். "எந்தப் பாடம் வந்தா உங்களுக்குச் சிரமமா இருக்கு மிஸ்?" "பசங்க எந்த இடத்துல திரும்பத் திரும்பத் தப்புப் பண்றாங்க?" பிறகு பேசாமல் இருங்கள். முதலில் எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு, விலையில்லாப் பொருள் விநியோகம், பயிற்சிக் கூட்டம் என்று வேலைச்சுமை பற்றி வரும். அதையும் முழுக்கக் கேளுங்கள். பாடம் பற்றிய பேச்சு அதற்குப் பின்னால்தான் வரும்.

படி 4: ஒரு பருவத்துக்கு மூன்றே சோதனை

ஆசிரியர் சொன்ன பாடங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் அந்த மாதம் வகுப்பில் நடக்கப்போகிற பாடமாக இருக்க வேண்டும். ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில் அந்த வாரம் என்ன இருக்கிறதோ அதற்குள் உங்கள் சோதனை பொருந்த வேண்டும். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு எப்படியும் செயல்பாடு செய்ய வைத்து மதிப்பெண் போட வேண்டும். உங்கள் சோதனை அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டால் அவருக்கு ஒரு வேலை குறையும்.

நான் மூன்று எடுத்துக்காட்டு தருகிறேன்.

ஒன்று, மின்னியல். ஒரு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர். இவற்றை மட்டும் வைத்து விளக்கை எரிய வை. பார்க்க எளிது. என் மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர்களிடம் கொடுத்தபோது பாதிப் பேர் பல்பின் அடிமுனையை மட்டும் தொட்டுக்கொண்டு திணறினார்கள். பல்புக்கு இரண்டு முனை உண்டு, ஒன்று அடிக்குமிழ், இன்னொன்று மரை இருக்கும் உலோகப் பக்கவாட்டு என்பதை நூலில் இருக்கும் படம் ஒருபோதும் மனதில் பதிய வைப்பதில்லை. கண்டுபிடித்த பிள்ளைக்கு மூடிய சுற்று என்றால் என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று. இழை உள்ள பழைய டார்ச் பல்பு இப்போது கடைகளில் அருகிவிட்டது. எல்.இ.டி. வாங்கலாம் என்று நினைப்பீர்கள். எல்.இ.டி. ஒரு 1.5 வோல்ட் செல்லில் எரியாது. சிவப்புக்கே ஏறக்குறைய 2 வோல்ட், வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். நீளக் கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும், மாற்றிப் போட்டாலும் எரியாது. முதல் பாடத்திலேயே இரண்டு புதுச் சிக்கல் சேர்ந்தால் பிள்ளை குழம்பிவிடும். பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் தேடிப் பத்துப் பதினைந்து இழை பல்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி.யை இரண்டாவது வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, அமிலமும் காரமும். செம்பருத்திப் பூ இதழை வெந்நீரில் போட்டால் கிடைக்கும் சாறு எலுமிச்சைச் சாற்றில் இளஞ்சிவப்பாகும், சோப்புத் தண்ணீரில் பச்சையாகும். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். செம்பருத்தி பள்ளி வாசலிலேயே இருக்கும். ஆய்வகம் இல்லாத பள்ளிக்கும் இது போதும்.

மூன்றாவது என் மனதுக்கு மிக நெருக்கமானது: நிழலில்லா நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் எந்த ஊரிலும் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழல் விழாது. சென்னையில் அது ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி வருகிறது. தெற்கே போகப் போக ஆகஸ்ட் நாள் தள்ளிப்போகும். மதுரையில் அந்த மாதக் கடைசி வாரம், கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கம். ஏப்ரலில் தேர்வு நெருக்கும், ஆகஸ்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேகம் மறைத்தால் அடுத்த நாளும் நிழல் மிகச் சிறிதாகவே இருக்கும்.

நண்பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வராது என்பதையும் அன்று பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது; தமிழ்நாடு அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகஸ்ட்டில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வர 12.13 ஆகும், கோயம்புத்தூரில் 12.25 ஆகும். இதோடு நிற்க வேண்டாம். ஒரே நாளில் வடக்கே ஒரு பள்ளி, தெற்கே ஒரு பள்ளி, இரண்டும் உச்சிவேளை நிழலின் கோணத்தை அளந்து போனில் சொல்லிக்கொள்ளட்டும். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 5 பாகை வித்தியாசம் வரும். வடக்குத் தெற்காக மட்டும் அளந்தால் தொலைவு சுமார் 555 கிலோமீட்டர். 360-ஐ 5-ஆல் வகுத்து 555-ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். குச்சியும் நூலும் கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை பூமியை அளந்துவிட்டது. உங்கள் கல்லூரியில் வெளியூர் மாணவர்கள் இருப்பார்கள். அவர்கள் ஊர்ப் பள்ளியைப் பேசிச் சேர்த்துவிடுவது அவர்களால் மட்டுமே முடிகிற உதவி.

படி 5: விளக்கத்தையும் சேர்த்துச் சோதியுங்கள்

சோதனை வேலை செய்கிறதா என்று பார்ப்பது போதாது. அதற்குச் சொல்லப்படும் காரணம் சரிதானா என்றும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர் என்பதற்கு ஏதாவது பொருள் இருந்தால் அது இங்கேதான்.

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளர். மெழுகுவத்தி அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்பியது" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். ஒருமுறை என் மாணவர்கள் ஒத்திகை பார்க்கும்போது ஒரு பெண் கேட்டாள், "ஆக்சிஜன் எரிய எரியத்தானே தீரும்? தண்ணீர் ஏன் சுடர் அணைந்த பிறகு சடாரென ஏறுகிறது?"

அன்று மாலை முழுக்க அதில் போனது. ஒரு மெழுகுவத்தி வைத்தோம், பிறகு இரண்டு, மூன்று. டம்ளர் அதேதான், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதேதான். ஆனால் மூன்று வைத்தால் தண்ணீர் அதிகம் ஏறியது. டம்ளரைக் கவிழ்க்கும்போது கூர்ந்து பார்த்தால் விளிம்பில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறுகிறது. சுடர் உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கி விரிய வைக்கிறது, கொஞ்சம் தப்பிவிடுகிறது. அணைந்த பிறகு மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. நீராவி குளிர்ந்து நீராவதும் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் எரிந்த இடத்தில் கார்பன் டைஆக்சைடு வந்துவிடுகிறது. தவிர, சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் கணிசமாக மிச்சமிருக்கிறது.

இதை ஆசிரியரிடம் எப்படிச் சொன்னோம் என்பதுதான் முக்கியம். "நீங்க சொல்றது தப்பு மிஸ்" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லியிருந்தால் உறவு அன்றோடு முடிந்திருக்கும். வகுப்புக்கு முந்தைய நாள் ஆசிரியர் அறையில் மூன்று மெழுகுவத்தியை வைத்து, "எங்களுக்கு ஒரு சந்தேகம், நீங்களும் பாருங்களேன்" என்றோம். அவரே டம்ளரைக் கவிழ்த்தார். குமிழை அவரே முதலில் பார்த்தார். மறுநாள் வகுப்பில் அதே கேள்வியை அவர் பிள்ளைகளிடம் போட்டு, இரண்டு நிமிடம் பதில் சொல்லாமல் நின்றார். அந்த இரண்டு நிமிடம் போல ஓர் அறிவியல் வகுப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

படி 6: பெட்டி

எங்கள் முதல் பெட்டி தூங்கியதற்குக் காரணம் அதில் எல்லாம் கலந்து கிடந்ததுதான். இப்போது ஒரு பாடத்துக்கு ஒரு பெட்டி: மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, மேலே வகுப்பு, பாடத்தின் பெயர், பக்க எண். மூடியின் உட்புறம் ஒரே ஒரு தாள். செய்முறை ஐந்து வரி, வழக்கமாகத் தவறும் இடம் இரண்டு வரி, தீர்ந்துபோகும் பொருள் எந்தக் கடையில் கிடைக்கும், யாருக்குப் போன் செய்வது. கடைசி இரண்டு விவரம் இல்லாத பெட்டி ஒரு முறை மட்டுமே திறக்கப்படும்.

பிள்ளைகள் ஐந்தைந்து பேராக உட்கார்ந்தால் எட்டுக் குழு. எட்டுச் செட் போடுங்கள், உபரியாக இன்னொன்று. ஒரே ஒரு செட் வைத்து மேசையில் செய்து காட்டினால் பின்வரிசைக்கு அது சினிமா.

பொருள் தேடும்போது ஆன்லைனை விட ஊர்க் கடைத்தெரு நல்லது. சைக்கிள் டியூப், காலி ரீஃபில், ஸ்ட்ரா, கொட்டாங்குச்சி, தண்ணீர் பாட்டில், பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தம். கெட்டுப்போனால் ஆசிரியரே சனிக்கிழமை வாங்கிவிட முடியும். வெளியிலிருந்து வாங்க வேண்டுமென்றால் ஒரு மல்டிமீட்டரும் ஒரு மடிப்பு நுண்ணோக்கியும் வாங்குங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு உருவாக்கி 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் தாளை மடித்துச் செய்வது. குளத்துத் தண்ணீர், வெங்காயத் தோல் இரண்டுக்கும் நன்றாகப் போதும்.

மருத்துவமனை சிரிஞ்சைப் பயன்படுத்துவதென்றால் புதிதாக, ஊசி இல்லாமல் வாங்குங்கள். பயன்படுத்தியது எவ்வளவு கழுவியிருந்தாலும் வேண்டாம்.

படி 7: மொழி

உங்களில் பலருக்குப் பாடம் ஆங்கிலத்தில்தான் தெரியும். வகுப்பில் போய் "ரெசிஸ்டன்ஸ் அதிகமானா கரண்ட் கம்மியாகும்" என்பீர்கள். பிள்ளையின் நூலில் இருப்பது மின்தடை, மின்னோட்டம். இரண்டும் ஒன்று என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சோதனை புரியும், தேர்வுத்தாளில் எழுத வராது.

ஒவ்வொரு பெட்டிக்கும் பத்துச் சொல் கொண்ட பட்டியல் தயாரியுங்கள்: நூலில் வரும் சொல், வீட்டில் சொல்லும் சொல். இங்கே சில பொறிகள் இருக்கின்றன. "எடை" என்று கடையில் கேட்பது நூலில் "நிறை". "கரண்ட் போச்சு" என்பதில் வரும் கரண்ட் மின்னோட்டம் மட்டும் இல்லை, மின்சாரம் முழுவதும். "வேலை" செய்தேன் என்று மூட்டையைத் தலையில் வைத்து நின்றவர் சொல்வார். மூட்டை நகராததால் இயற்பியலில் அவர் வேலை செய்யவில்லை. "வெப்பம்", "வெப்பநிலை" இரண்டையும் வீட்டில் "சூடு" என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். இந்தச் சொற்களைப் பற்றி ஆசிரியரோடு அரை மணி நேரம் பேசினாலே பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்பதில் பாதி தெரிந்துவிடும். குழுவில் தமிழ் வழியில் படித்தவர் வேண்டும் என்றேனே, அவர் இங்கே உங்களுக்கு ஆசிரியர்.

படி 8: வகுப்பு நாள்

முந்தைய நாள் ஆசிரியரோடு ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். அவர் கையாலேயே இரண்டு முறை செய்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பை நீங்கள் சேர்ந்து நடத்தலாம். அதே சோதனையை அடுத்த பிரிவில் ஆசிரியர் நடத்தட்டும்; நீங்கள் குழுக்களுக்கு நடுவே நின்று கழன்ற ஒயரைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது முறை வகுப்புக்கு வெளியே இருங்கள். பிள்ளை உங்களிடம் ஓடிவந்து கேட்டால் "மிஸ்கிட்ட கேட்டுப் பாரு" என்று திருப்பி விடுங்கள்.

தவறு நடந்தால், ஒரு குழுவின் பல்பு எரியாவிட்டால், ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிப்பதும் அந்தப் பாடத்தின் பகுதி.

படி 9: கணினி

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. அங்கே உங்கள் முதல் வேலை பாடம் நடத்துவதாக இருக்காது. எத்தனை கணினி உண்மையில் உயிர்பெறுகிறது, யூ.பி.எஸ். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது, இணையம் வருகிறதா என்று ஒரு பிற்பகல் உட்கார்ந்து பட்டியல் எடுங்கள். பழுதை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். அது அரசுச் சொத்து, பராமரிப்புக்கு முறை உண்டு. பட்டியலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள்.

இணையத்தை நம்பிப் பாடம் திட்டமிடாதீர்கள். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகப்படுத்தல்களை, அதாவது திரையில் செய்து பார்க்கும் சோதனைகளை, இலவசமாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். இணையம் இல்லாமல் ஓடும், சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. மின்சுற்று அமைக்கும் ஒன்று அதில் அருமை. செல்லும் பல்பும் கையில் வைத்துப் பழகிய மறுநாள் அதைக் காட்டுங்கள். ஒயருக்குள் எலக்ட்ரான் நகர்வதைப் பெட்டியால் காட்ட முடியாது, திரையால் முடியும். வரிசையை மாற்றித் திரையை முதலில் காட்டினால் பிள்ளைக்கு அது இன்னொரு விளையாட்டு.

நிரலாக்கத்துக்கு மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் நல்ல தொடக்கம். ஆசிரியருக்கு மூன்று மாலை ஒதுக்குங்கள். அவர் தன் பாடத்துக்கு ஒரு வினாடி வினா செய்து முடித்தால், மற்றதை அவரே தேடிக்கொள்வார்.

படி 10: பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், விலக்கு எதுவும் இல்லை. வீட்டு மின் இணைப்பை எந்தச் சோதனைக்கும் தொடாதீர்கள், செல் மட்டும். அடர் அமிலம், பாதரச வெப்பமானி வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. ஆசிரியர் மட்டும் கையாளட்டும். சூரியனை நேராகவோ லென்ஸ் வழியாகவோ பார்க்க விடாதீர்கள். தீ இருக்கும் நாளில் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் அறைக்குள் இருக்க வேண்டும். தாவணியையும் கூந்தலையும் கட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். பிள்ளைகளின் போன் எண்ணை வாங்காதீர்கள், உங்கள் எண்ணையும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கல்லூரி அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் பெட்டியையும் கைகளையும் எடுங்கள்.

படி 11: பலன் இருந்ததா என்று பார்ப்பது

பிள்ளைகளிடம் "பிடிச்சுதா?" என்று கேட்டால் "ஆமா அண்ணா" என்றுதான் வரும். வகுப்புக்கு முன் ஒரு கேள்வி, மூன்று வாரம் கழித்து அதே கேள்வி. மின்னியலுக்கு நாங்கள் கொடுப்பது நான்கு படம்: எந்தப் பல்பு எரியும், ஏன்? "ஏன்" என்பதற்கு எழுதும் ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. தாள்களை ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள், மதிப்பெண் போடாதீர்கள்.

ஆசிரியர் பக்கத்துக்கு நான் பார்ப்பது ஒன்றுதான். நீங்கள் வராத வாரத்தில் பெட்டி திறக்கப்பட்டதா? செல் தீர்ந்திருந்தால் மகிழ்ச்சி. உடைந்த பல்பு இருந்தால் அதைவிட மகிழ்ச்சி. எல்லாம் புதிதாக, அடுக்கியபடி இருந்தால் அடுத்த சந்திப்பில் அந்த இரண்டு கேள்விகளை மறுபடி கேளுங்கள்.

படி 12: அடுத்த குழுவிடம் கொடுப்பது

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். பள்ளியில் எப்படியும் கண்காட்சி நடக்கும். அன்று ஆசிரியரும் பிள்ளைகளும் செய்து காட்டட்டும், நீங்கள் பார்வையாளர். பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவரை அன்று அழைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் சொல்வதை நம்புவது போல நம் பேச்சை நம்பமாட்டார்.

உங்கள் குழுவுக்கு ஒரு தடித்த நோட்டு இருக்கட்டும். எந்த வகுப்பு, எந்தச் சோதனை, எது சொதப்பியது, ஆசிரியர் என்ன மாற்றினார், பல்பு எந்தக் கடையில் கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் அரைப் பக்கம். கல்லூரியை விட்டுப் போகும்முன் இளையவர்களை ஒருமுறை பள்ளிக்கு நேரில் கூட்டிப்போய், ஆசிரியரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்து, நோட்டை அவர் முன்னாலேயே கொடுங்கள். மூடித் தாள்களில் இருக்கும் உங்கள் போன் எண்ணை அடித்து, அவர்கள் எண்ணை எழுதுங்கள். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அந்த இளையவர்கள் புது செல்களோடு போக வேண்டும். அட்டவணை அப்போதுதான் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஆசிரியர் உங்களுக்கு ஏற்ற பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்ள அதுதான் நேரம்.